நிலவுக்குப் போய்த் திரும்ப எந்த வழி நல்லது?

நிலவு மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகன் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வந்து கேட்டான்: "சித்தப்பா, சந்திரயான்-3 ஒரே ராக்கெட்ல போய் அழகா இறங்கிடுச்சு. இதுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு ராக்கெட்? அஞ்சு துண்டா பிரிச்சு, மேலே போய் ஒட்டவெச்சு, மறுபடி பிரிச்சு... பெரிய ராக்கெட்டா ஒண்ணு செஞ்சு நேரா போயிட்டு நேரா வந்தா என்ன?"

அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஆனால் அது சாதாரணக் கேள்வி இல்லை. 1961-இலும் 1962-இலும் நாசாவின் மிகச் சிறந்த பொறியாளர்கள் இதே கேள்விக்காக ஓராண்டுக்கு மேல் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். அன்று அவர்கள் எடுத்த முடிவால்தான் ஆம்ஸ்ட்ராங் 1969-இல் நிலவில் நடக்க முடிந்தது. இன்றும் நிலவுக்குப் போக நினைக்கும் எந்த நாடும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு ஆணியைக்கூட அடிக்க முடியாது. ராக்கெட்டின் அளவு, கலத்தின் வடிவம், எத்தனை பேர் போகலாம், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான் தீர்மானமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். சந்திரயான்-3 போனது, இறங்கியது, அங்கேயே இருந்துவிட்டது. அதற்கு ஒரு ராக்கெட் போதும். போனவர் திரும்பி வர வேண்டும் என்றால், அல்லது அங்கிருந்து ஒரு பிடி மண்ணையாவது கொண்டுவர வேண்டும் என்றால், கணக்கே வேறு. திரும்பி வருவதற்கான எரிபொருளையும் போகும்போதே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும். அப்புறம் அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் கொஞ்சம். இந்தப் பெருக்கம் எப்படி நடக்கும் என்பதை ரஷ்ய ராக்கெட் அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி 1903-லேயே ஒரே சமன்பாட்டில் எழுதிவைத்துவிட்டார்.

1961 மே 25 அன்று ஜனாதிபதி கென்னடி, பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதரை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவோம் என்று அறிவித்தார். அன்றைய தேதியில் அமெரிக்கர்களுக்கு இருந்த மொத்த விண்வெளிப் பயண அனுபவம் ஆலன் ஷெப்பர்டின் பதினைந்து நிமிடப் பயணம் மட்டுமே. அவர் பூமியைச் சுற்றிக்கூட வரவில்லை. எப்படிப் போவது என்று கேட்டால் நாசாவிடம் மூன்று பதில்கள் இருந்தன.

முதலாவது நேரடி வழி, என் அண்ணன் மகன் சொன்ன வழி. மிகப் பெரிய ராக்கெட் ஒன்று பூமியிலிருந்து புறப்படும். முழுக் கலமும் நிலவில் இறங்கும். அதிலிருந்து மேல்பகுதி கிளம்பி நேராக வீடு வந்து சேரும். இதற்காக 'நோவா' என்று ஒரு ராக்கெட்டைக் காகிதத்தில் வரைந்துவைத்திருந்தார்கள். அதன் முதல் அடுக்கில் எட்டு எஃப்-1 எஞ்சின்கள். பின்னாளில் நிலவுக்கு ஆட்களைக் கொண்டுபோன சாட்டர்ன்-5-இல் அதே எஞ்சின் ஐந்துதான் இருந்தது. அந்த ஐந்தே ஏறத்தாழ 2,900 டன் எடையைத் தரையிலிருந்து கிளப்பியது என்றால் நோவா எப்பேர்ப்பட்ட பூதம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பூமியருகே சேர்வது. அவ்வளவு பெரிய ராக்கெட் வேண்டாம், கொஞ்சம் சிறிய ராக்கெட்டுகள் இரண்டை அடுத்தடுத்து அனுப்புவோம். ஒன்று கலத்தைக் கொண்டுபோகட்டும், இன்னொன்று திரவ ஆக்சிஜனைக் கொண்டுபோகட்டும். பூமியைச் சுற்றும் பாதையில் இரண்டும் சேர்ந்து, எரிபொருளை நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து நிலவுக்குப் புறப்படட்டும். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் இருந்த வெர்னர் வான் பிரவுனும் அவருடைய ராக்கெட் குழுவும் இதைத்தான் விரும்பினார்கள்.

மூன்றாவது, நிலவருகே சேர்வது. ஒரே ராக்கெட்டில் இரண்டு கலங்கள். நிலவைச் சுற்றும் பாதையை அடைந்ததும் பெரிய கலம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். சின்னஞ்சிறு கலம் ஒன்று மட்டும் பிரிந்து தரைக்கு இறங்கும். வேலை முடிந்ததும் அதன் மேல்பாதி மட்டும் எழும்பி வந்து பெரிய கலத்தோடு சேரும். ஆட்கள் மாறிக்கொண்டதும் சின்னக் கலத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பெரிய கலத்தில் வீடு திரும்புவார்கள்.

இந்த மூன்றாவது யோசனை முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. உக்ரைனில் பிறந்த யூரி கொண்ட்ராத்யுக் இதை முதல் உலகப் போர்க் காலத்திலேயே யோசித்து எழுதியிருந்தார் என்பது அன்று நாசாவில் பெரும்பாலோருக்குத் தெரியாது. வர்ஜீனியாவின் லேங்லி ஆய்வு மையத்தில் வேலை பார்த்த ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர்தான் இதைப் பிடித்துக்கொண்டு விடாமல் அலைந்தார். 1960 டிசம்பரில் ஒரு கூட்டத்தில் அவர் கணக்குகளை விளக்கியபோது, அமெரிக்காவின் முதல் ஆள் கலமான மெர்க்குரியை வடிவமைத்த மேக்ஸ் ஃபஜே எழுந்து, இவருடைய எண்கள் பொய் சொல்கின்றன என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

ஏன் அவ்வளவு எதிர்ப்பு? காரணம் நியாயமானதுதான். அதுவரை விண்வெளியில் இரண்டு கலங்கள் ஒன்றோடொன்று சேர்ந்ததே இல்லை. பூமிக்கு மேலே அது தவறினால், சரி, எஞ்சினை இயக்கிக் கீழே இறங்கிவிடலாம். மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது தவறினால் சின்னக் கலத்தில் இருப்பவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. இறந்தவர்களோடு அந்தக் கலம் நிலவைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்ற காட்சி எல்லார் மனதிலும் இருந்தது. பூமியருகே சேர்வதுதான் பாதுகாப்பு என்று சொன்னவர்களை இன்று பார்த்துப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஹூபோல்டின் கணக்கு வேறு ஒன்றைச் சொன்னது. அதை ஒரு கிணற்றை வைத்துப் பார்ப்பது எளிது. ஊர்க் கிணற்றில் தூர் வாரவோ விழுந்த வாளியை எடுக்கவோ இறங்குகிறவர் தோளில் துண்டு, செருப்பு, சாப்பாட்டுத் தூக்கு, வீட்டுச் சாவி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டா இறங்குவார்? எல்லாம் கிணற்று மேட்டில் இருக்கும். கயிறும் வாளியும் மட்டும் கீழே போகும். நிலவின் ஈர்ப்பும் அப்படி ஒரு கிணறுதான். கீழே கொண்டுபோகும் ஒவ்வொரு கிலோவுக்கும் இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை என்று இரண்டு தடவை விலை கொடுக்க வேண்டும்.

எண்களில் சொல்கிறேன். நிலவுக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதையிலிருந்து தரைக்கு இறங்க, கலம் தன் வேகத்தில் நொடிக்கு சுமார் 1.9 கிலோமீட்டரைக் கரைக்க வேண்டும். காற்று இல்லாத இடம், பாராசூட் உதவாது, முழுக்க எஞ்சினால்தான் முடியும். திரும்ப ஏற சுமார் 1.85 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பின்னாளில் ஆட்களை நிலவில் இறக்கிய அப்போலோ திட்டத்தின் சின்னக் கலத்தில், அதாவது லேண்டரில், பயன்பட்ட எரிபொருளின் புகை நொடிக்கு மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய வேகத்தில் வெளியேறும். இதைச் சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாட்டில் போட்டால், தரைக்குப் போய்ச் சுற்றுப்பாதைக்குத் திரும்பும் ஒவ்வொரு கிலோவுக்கும் தொடக்கத்தில் ஏறக்குறைய 3.4 கிலோ இருந்தாக வேண்டும். தொட்டி, எஞ்சின், கால்கள் இவற்றின் எடை தனி.

அப்போலோவில் மூவரும் பூமிக்குத் திரும்பிய கூம்பு வடிவ அறை சுமார் 5.6 டன். வெப்பக் கவசம், பாராசூட்டுகள், கடலில் விழும்போது தாங்கும் உடல் எல்லாம் அதில் உண்டு. இதில் ஒன்றுகூட நிலவின் தரையில் பயன்படாது. அதையும் கீழே இறக்கி ஏற்றினால் நிலவுச் சுற்றுப்பாதையில் அந்த ஒன்றுக்காக மட்டும் 19 டன் வேண்டும். மேலேயே விட்டுவிட்டால் 5.6 டன்னோடு முடிந்தது. பூமிக்குத் திரும்பும் பயணத்துக்கான எரிபொருளையும் இதேபோல் இறக்கி ஏற்ற வேண்டும் என்பதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். உண்மையில் பறந்த லேண்டரின் முழு எடையே 15 டன் அளவுதான்.

என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பூமியருகே சேரும் வழி ராக்கெட்டைச் சிறிதாக்குகிறது. நிலவில் இறங்கும் கலத்தைச் சிறிதாக்கவில்லை. நேரடி வழியில் இறங்கும் அதே பெரிய கலம்தான் இதிலும் இறங்கும். பல மாடி உயரக் கலம் ஒன்றை, கரடுமுரடான தரையில், பின்பக்கமாக, மல்லாந்து படுத்தபடி தரையைப் பார்க்க முடியாத விமானி இறக்க வேண்டும். ஹூபோல்ட் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாரும் சேர்வதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், இறங்குவதைப் பார்த்து யாரும் பயப்படவில்லையே என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

தனிக் கலம் என்று ஆனதும் கிடைத்த சுதந்திரம் எடைக் கணக்கில் வராத ஒன்று. காற்றில் பறக்கவே வேண்டாத கலம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அப்போலோ லேண்டரில் இருக்கைகளே கிடையாது, இருவரும் நின்றுகொண்டே ஓட்டினார்கள். அதனால் முகத்துக்குப் பக்கத்தில் சின்ன ஜன்னல் போதுமானது, தரையும் நன்றாகத் தெரிந்தது. அறையின் சுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே தடிமன். சிலந்தி போல நாலு கால். பூமியில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. நிலவுக்கு மட்டும் என்று செய்து, ஆட்கள் ஏறிப் போன முதல் வாகனம் அது.

1961 நவம்பர் 15 அன்று ஹூபோல்ட், தன் மேலதிகாரிகள் பலரைத் தாண்டி, நாசாவின் உயர் நிர்வாகி ராபர்ட் சீமன்ஸுக்கு நேரடியாக ஒன்பது பக்கக் கடிதம் எழுதினார். நமக்கு நிலவுக்குப் போக வேண்டுமா, வேண்டாமா என்று அதில் கேட்டிருந்தார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று தெரியும். சீமன்ஸ் அதைக் குப்பையில் போடவில்லை, ஆராயச் சொன்னார். இந்தக் கதையில் கடிதம் எழுதியவருக்கு எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறேனோ அவ்வளவு மரியாதை அதைப் படித்தவர் மேலும் எனக்கு உண்டு.

அப்புறம் ஆறேழு மாதத்தில் காற்று திசை மாறியது. 1962 ஜூன் 7 அன்று ஹன்ட்ஸ்வில்லில் நாள் முழுக்க நடந்த கூட்டத்தின் முடிவில் வான் பிரவுன் எழுந்து, தன் சொந்தக் குழுவே எதிர்பாராதபடி, நிலவருகே சேரும் வழிக்கே தன் ஆதரவு என்றார். எல்லா வழிகளும் சாத்தியம்தான், ஆனால் இந்தப் பத்தாண்டுக்குள் முடிக்க அதிக நம்பிக்கை தருவது இதுதான் என்பது அவர் சொன்ன காரணம். ஜூலை 11 அன்று நாசா முடிவை அறிவித்தது. கென்னடியின் அறிவியல் ஆலோசகர் ஜெரோம் வீஸ்னர் அதற்குப் பிறகும் ஏற்கவில்லை. செப்டம்பரில் ஜனாதிபதியின் கண்ணெதிரிலேயே வாக்குவாதம் நடந்தது. நவம்பரில் லேண்டர் செய்யும் ஒப்பந்தம் கிரம்மன் நிறுவனத்துக்குப் போனதோடு விவாதம் அடங்கியது.

சேர்வது பற்றிய பயம் என்ன ஆனது? பயப்படுவதோடு நிற்காமல் பழகிப் பார்த்தார்கள். அப்போலோவுக்கு முன்னால் பூமியைச் சுற்றி நடந்த ஜெமினி திட்டத்தின் முக்கிய நோக்கமே அதுதான். 1965 டிசம்பரில் இரண்டு ஜெமினி கலங்கள் ஒன்றுக்கொன்று ஒரு அடி தூரத்துக்கு வந்தன. 1966 மார்ச் 16 அன்று ஆம்ஸ்ட்ராங்கும் ஸ்காட்டும் முதல் இணைப்பை நடத்தினார்கள். இணைந்த கொஞ்ச நேரத்தில் ஒரு சிறு எஞ்சின் அணையாமல் மாட்டிக்கொண்டு கலம் நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழன்றது. ஆம்ஸ்ட்ராங் அதை அடக்கி, பயணத்தைப் பாதியிலேயே முடித்துக் கீழே கொண்டுவந்தார். பூமிக்குப் பக்கத்தில் நடந்ததால் பிழைத்தார்கள், பாடமும் கிடைத்தது. அப்போலோவில் நிலவில் இறங்கிய ஆறு தடவையும் மேலே வந்து சேர்வது பிசகவில்லை. ஹூபோல்ட் முதல் இறக்கத்தன்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் விருந்தினராக உட்கார்ந்திருந்தார். வான் பிரவுன் அங்கேயே அவரைப் பாராட்டினார்.

இன்னொரு லாபமும் கிடைத்தது. 1970 ஏப்ரலில் அப்போலோ-13-இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, கூடவே இருந்த லேண்டர்தான் மூவரையும் உயிரோடு வைத்திருந்தது. நேரடி வழியில் போயிருந்தால் ஒதுங்குவதற்கு இரண்டாவது கலம் என்ற ஒன்றே இருந்திருக்காது.

ஒருவேளை அமெரிக்கர்கள் நேரடி வழியில் போயிருந்தாலும் ஜெயித்திருப்பார்களோ என்று கேட்கலாம். ஆட்கள் விஷயத்தில் அப்படி ஒரு சோதனை நடக்கவில்லை. ஆனால் மண் கொண்டுவரும் ஆளில்லாக் கலங்களில் இரண்டு வழிகளும் நடந்திருக்கின்றன. நான் படித்ததில் மிகவும் தெளிவான ஒப்பீடு இதுதான்.

சோவியத் யூனியனின் லூனா-16, 1970 செப்டம்பரில் நேரடி வழியில் போய்வந்தது. தரையிலிருந்து சின்ன ராக்கெட் ஒன்று நேராக மேலே கிளம்பி, நடுவில் எங்கும் சேராமல், பூமிக்கு வந்து விழுந்தது. புறப்பட்டபோது கலத்தின் எடை சுமார் 5.7 டன். வந்து சேர்ந்த மண் 101 கிராம். 1976-இல் லூனா-24 கொண்டுவந்தது 170 கிராம். சீனாவின் சாங்கே-5, 2020 இறுதியில் நிலவருகே சேரும் வழியில் போனது. ஏறும் கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த கலத்தோடு ஆளில்லாமல் தானாகவே இணைந்து மண்ணைக் கைமாற்றியது. எடை 8.2 டன், கிடைத்த மண் 1,731 கிராம். ஐம்பது ஆண்டுத் தொழில்நுட்ப வளர்ச்சிக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் எடை ஒன்றரை மடங்குகூட ஆகாமல் மண் பதினேழு மடங்கானதில் வழியின் பங்கு பெரியது.

எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இடம். லூனாவின் திரும்பும் ராக்கெட் எளிமையானது. செங்குத்தாகக் கிளம்பினால் தானாகப் பூமியை அடையும்படியான இடங்களிலிருந்துதான் அதனால் வர முடியும். அப்படிப்பட்ட இடம் நிலவின் கிழக்கு ஓரமாக ஒரு பட்டையில்தான் உண்டு. லூனா-16, 20, 24 மூன்றும் அந்தப் பட்டையிலேயே இறங்கியதற்குக் காரணம் இதுதான். சாங்கே-6 கலமோ 2024-இல் நிலவின் மறுபக்கத்துக்கே போய் 1,935 கிராம் மண்ணோடு வந்தது. தென்துருவத்துக்குப் போக நினைக்கும் நாட்டுக்கு இந்தச் சுதந்திரம் பெரிய விஷயம்.

சோவியத் ஆட்கள் நிலவுக்குப் போகாததற்கு வழி காரணமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களும் கடைசியில் நிலவருகே சேரும் வழியைத்தான் எடுத்தார்கள், ஒரே ஒரு வீரர் இறங்குவதாக. முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள் கொண்ட என்-1 ராக்கெட் 1969-க்கும் 1972-க்கும் இடையில் நான்கு தடவை கிளம்பி நான்கு தடவையும் அழிந்தது. சரியான வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ராக்கெட் வேலை செய்ய வேண்டும்.

சரி, அப்படியானால் நிலவருகே சேர்வதே என்றைக்கும் சிறந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது. அப்போலோ வழி ஒரு குறிப்பிட்ட தேவைக்குச் சிறந்தது: இரண்டு பேர் போய், இரண்டு மூன்று நாள் இருந்து, கல் பொறுக்கிக்கொண்டு திரும்புவது. மூன்று நாளுக்குப் பதில் மூன்று மாதம் தங்க வேண்டும், கூடவே வீடு, மின்சாரம், வண்டி எல்லாம் இறக்க வேண்டும் என்றால், சின்ன லேண்டர் போதாது. அங்கேதான் 1962-இல் தோற்ற இரண்டாவது வழி திரும்பி வருகிறது.

நாசா 2021-இல், நிலவுக்கு மறுபடி ஆட்களை அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஸ்டார்ஷிப் லேண்டர் இதற்கு உதாரணம். ஸ்பேஸ்-எக்ஸ் நிறுவனத்தின் இந்தக் கலம் பூமியின் சுற்றுப்பாதைக்குப் போவதற்குள் தன் எரிபொருளை ஏறக்குறையத் தீர்த்துவிடும். அப்புறம் டேங்கர் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிரப்ப வேண்டும். ஒரு நிலவுப் பயணத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட டேங்கர்கள் தேவைப்படலாம் என்று பேசப்படுகிறது. மைனஸ் 160, 180 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டிய மீத்தேனும் ஆக்சிஜனும் காத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். ஆகவே டேங்கர்கள் தாமதிக்கக் கூடாது. இது அமைந்துவிட்டால் பல பத்து டன் சரக்கை ஒரே தடவையில் நிலவில் இறக்கலாம். வேறெந்த வழியாலும் இன்று அது ஆகாது. அமையாவிட்டால், ஒரு டேங்கர் தவறினாலும் வரிசை முழுவதும் நின்றுபோகும்.

உயரம் என்று ஒரு கவலையும் எனக்கு இருக்கிறது. இந்த லேண்டர் சுமார் 50 மீட்டர் உயரம். ஆட்கள் மேலிருந்து லிஃப்டில் இறங்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஒடிசியஸ், 2025 மார்ச்சில் அதீனா என்று இரண்டு ஆளில்லா லேண்டர்கள் நிலவில் சாய்ந்து விழுந்தன. இரண்டும் ஒடுக்கமான உயர உருவம். அதே 2025 மார்ச்சில் குட்டையாக, அகலமாகக் கால் பரப்பிய புளூ கோஸ்ட் நேராக நின்றது. உயரம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஒடிசியஸில் உயரம் அளக்கும் கருவியே வேலை செய்யவில்லை. ஆனாலும் 1961-இல் ஹூபோல்ட் பயந்த விஷயம் இன்னும் தீரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஆர்ட்டெமிஸில் கிணற்று மேடும் தள்ளிப் போய்விட்டது. அதன் ஓரியன் கலம் கனமானது. அதன் எரிபொருள் அளவுக்கு நிலவை ஒட்டிய தாழ்ந்த பாதைக்குப் போய்த் திரும்ப முடியாது. அதனால் ஒரு பக்கம் நிலவுக்குக் கொஞ்சம் அருகிலும் மறுபக்கம் 70,000 கிலோமீட்டர் தள்ளியும் போகும் நீண்ட பாதையைத் தேர்ந்தார்கள். ஒரு சுற்றுக்கு ஆறரை நாள். அங்கிருந்து தரைக்கு இறங்க ஒரு வழிக்கே நொடிக்கு 2.6, 2.7 கிலோமீட்டர் செலவாகும். நான் முதலில் போட்ட அதே கணக்கை அதே எரிபொருளோடு போட்டால் 3.4 கிலோ என்பது ஐந்தரைக் கிலோவைத் தாண்டிவிடுகிறது. மேலே நிற்கும் கலத்தின் குறையை இறங்கும் கலம் சுமக்கிறது. தொடர்ந்து பூமியோடு தொடர்பு, தென்துருவத்துக்கு எளிதான வழி என்று அந்தப் பாதைக்கு நன்மைகளும் இருக்கின்றன. ஆனால் முழுக்க வெற்றுத்தாளில் தொடங்கும் நாடு அதைத் தேர்ந்தெடுக்க நான் ஒரு காரணமும் காணவில்லை.

சீனா அப்படித்தான் வெற்றுத்தாளில் தொடங்கியது. 2030-க்குள் ஆட்களை இறக்க அவர்கள் வைத்திருக்கும் திட்டம் இரண்டு லாங் மார்ச்-10 ராக்கெட்டுகள். ஒன்றில் மெங்ஜோ என்ற ஆள் கலம், இன்னொன்றில் லான்யுவே என்ற லேண்டர். இரண்டும் தனித்தனியாக நிலவுக்குப் போய், நிலவருகே சேரும். அப்போலோவின் வழியேதான், ஆனால் சாட்டர்ன்-5 அளவுக்கு ஒரு ராக்கெட் தேவையில்லாமல். சாங்கே-5, சாங்கே-6 இரண்டிலும் இதே சேர்க்கையை ஆளில்லாமல் பழகிப் பார்த்துவிட்டார்கள். பளபளப்பு எதுவும் இல்லாத திட்டம். இருப்பதில் நம்பிக்கையானது என்றும் எனக்குப் படுகிறது.

இப்போது நம் வீட்டுக் கேள்விக்கு வரலாம். சந்திரயான்-3 ஏவப்பட்டபோது 3,900 கிலோ. அதை ஏவிய இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டால் கொண்டுபோக முடிந்தது ஏறத்தாழ அவ்வளவுதான். மண்ணோடு திரும்பி வர வேண்டிய சந்திரயான்-4-க்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை வேண்டும். அவ்வளவைத் தூக்கும் ராக்கெட் நம்மிடம் இல்லை. புதிய ராக்கெட் வரும்வரை காத்திருக்கலாம், அல்லது இருக்கிற எல்விஎம்3-யை இரண்டு தடவை அனுப்பலாம். இஸ்ரோ இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அதாவது பூமியருகே ஒரு சேர்க்கை, ராக்கெட் சிறியது என்பதால். அப்புறம் நிலவருகே ஒரு சேர்க்கை, கிணற்றில் வெப்பக் கவசத்தை இறக்க வேண்டாம் என்பதால். 1962-இல் எதிரெதிராக நின்ற இரண்டு வழிகளும் இதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

இதற்கான ஒத்திகையும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. விக்ரம் லேண்டர் 2023 செப்டம்பரில் எஞ்சினை மறுபடி இயக்கி, 40 சென்டிமீட்டர் எழும்பி, பக்கத்தில் உட்கார்ந்தது. பார்க்கச் சின்னத் தாவல்தான். நிலவுத் தூசியில் நின்ற எஞ்சின் மறுபடி பற்றும் என்று நமக்கு நாமே காட்டிக்கொண்ட தருணம் அது. சந்திரயான்-3-இன் உந்துகலமும் நிலவுச் சுற்றுப்பாதையிலிருந்து பூமிப் பக்கம் திரும்பி வந்தது. 2025 ஜனவரி 16 அன்று, இணைப்பைப் பழக இஸ்ரோ அனுப்பிய ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் பூமிக்கு மேலே இணைந்தன, மார்ச்சில் பிரிந்தன, ஏப்ரலில் மறுபடி இணைந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தியாக வந்துபோனதால் இவையெல்லாம் ஒரே சங்கிலி என்பது பலருக்குத் தெரியவில்லை. இறங்குவதைப் பழக நாமக்கல் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து நிலவு மண் செய்த கதையும், எஞ்சின்களை எரித்துப் பார்க்கும் மகேந்திரகிரியும் இந்தச் சங்கிலியில்தான் வருகின்றன.

ஆட்களை அனுப்புவது என்று வரும்போது முடிவு இன்னும் கடினமாகும். 2040-க்குள் ஒரு இந்தியர் நிலவில் இறங்க வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. 2024-இல் ஒப்புதல் கிடைத்த புதிய தலைமுறை ராக்கெட் பூமிக்கு அருகே 30 டன் கொண்டுபோகும். அதைவிடப் பெரிதாக, 75 டன் கொண்டுபோகும் ராக்கெட் ஒன்றைப் பற்றி இஸ்ரோ தலைவர் நாராயணன் 2025-இல் பேசினார். இந்தப் பெரிய ராக்கெட் கிடைத்தால் சீனாவைப் போல இரண்டு ஏவல்களில் நிலவருகே சேர்ந்துவிடலாம். தாமதமானால், 30 டன் ராக்கெட்டுகள் பலவற்றைப் பூமியருகே சேர்க்க வேண்டியிருக்கும். எத்தனை சேர்க்கைகள் இருக்கின்றனவோ அத்தனை இடத்தில் தவற வாய்ப்பு உண்டு. மூன்றுக்கு மேல் போனால் எனக்குப் பயம்தான்.

என்னைக் கேட்டால், ஆட்களோடு போகும் முதல் சில பயணங்களுக்கு நிலவருகே சேரும் வழி, தாழ்ந்த சுற்றுப்பாதையில். லேண்டரும் ஆள் கலமும் தனித்தனி ராக்கெட்டில். லேண்டர் முதலில் போய்க் காத்திருக்கட்டும், அது நலமாக இருக்கிறது என்று உறுதியான பிறகே ஆட்கள் கிளம்பட்டும். 1969-இல் அப்போலோவுக்கு இந்த வசதி இல்லை, எல்லாம் ஒரே ராக்கெட்டில் போனது. சரக்கு லேண்டருக்கு அவசரம் இல்லை என்பதால் அதைச் சந்திரயான் போல நாற்பது நாள் சுற்றிச் சுற்றி மெதுவாகவே அனுப்பலாம். ஆட்கள் மட்டும் மூன்று நான்கு நாளில் போகட்டும். எரிபொருள் டேங்கர் தொழில்நுட்பத்தை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். ஆனால் தனியாக, சிறிய அளவில், இப்போதே தொடங்க வேண்டும். தங்குவது என்று வரும்போது அது இல்லாமல் நடக்காது. தென்துருவப் பள்ளங்களில் உள்ள பனியிலிருந்து ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எடுக்க முடிந்தால், திரும்பும் எரிபொருளைப் பூமியிலிருந்து கொண்டுபோகவே வேண்டாம், 3.4 என்ற அந்த எண்ணே பாதியாகச் சுருங்கும்.

செவ்வாய்க்குப் போனால் கணக்கு வேறு. அங்கே காற்று உண்டு, வேகத்தைக் குறைக்க அது உதவும். அந்தக் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கலாம் என்று செவ்வாயில் ஓடும் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி காட்டியது, 2021-இலிருந்து 2023 வரை மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்குச் சில மணி நேரம் மூச்சுவிடப் போதும். திரும்பி வரும் ராக்கெட்டுக்கு அது டன் கணக்கில் வேண்டும்.

அண்ணன் மகனுக்குப் போன வாரம் இதையெல்லாம் கிணற்றுக் கதையோடு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மேலே சுத்திட்டு இருக்கிற கலம் ஆள் இல்லாமலே நாள் கணக்கா கெடாம இருக்குமா?" என்று கேட்டான். அப்போலோவில் ஒருவர் மேலேயே இருந்தார். அடுத்த தலைமுறைத் திட்டங்களில் எல்லாரும் கீழே இறங்கிவிடலாம், மேலே யாரும் இருக்க மாட்டார்கள். நாம் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்.